கொடிக்கு வெளிச்சம் போட்டவர்

எவாரிஸ்தோ ஸலேதாவைப் பற்றி மெக்சிகோவின் தம்பிகோ துறைமுகத்தில் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறார்கள். முதலாவது பொய். அது பரவ ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. இரண்டாவது உண்மை. அது ஊர் முழுக்கப் போய்ச் சேர ஒரு கோடைக்காலம் பிடித்தது. இரண்டையும் நடந்த வரிசையிலேயே சொல்வதுதான் முறை.

அவர் எண்ணெய்க் கப்பலில் எலெக்ட்ரீசியன். பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புதான் படித்தார். மின்சாரத்தைக் கற்றது அதே ஊரின் அர்போல் கிராந்தே பகுதியில் இருந்த ஒரு சினிமாக் கொட்டகையில். படம் நின்றுபோனதும் ஜனங்கள் காலைத் தரையில் தட்டிக் கூச்சல் போட, இருட்டில் கம்பி தேடி ஒட்டவைத்துப் பழகிய கை அது. அந்தக் காலத்திலிருந்தே அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வேலை செய்தாலும் ஏன் செய்தோம், எதைக் கொண்டு செய்தோம் என்று ஒரு துண்டுத் தாளிலாவது எழுதிவைப்பார். கடைக்காரர் கொடுத்த ரசீதைக் கசக்கி எறியமாட்டார்.

"எங்க கல்யாணத்தன்னிக்குக் குடிச்ச எலுமிச்சைத் தண்ணிக்குக்கூட இவர்கிட்ட சீட்டு இருக்கு. என்னைக்காவது என்னைத் திருப்பிக் கொடுக்கணும்னா உதவும்னு வெச்சிருக்கார் போல" என்பாள் அவர் மனைவி ஒதிலியா.

1942-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் 'ரியோ தமேசி' என்ற கப்பலில் இருந்தார். உலகத்தின் பாதி அப்போது தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. மெக்சிகோ அந்தச் சண்டையில் இல்லை. இல்லை என்பதைக் கடலுக்குச் சொல்ல ஒரு வழி இருந்தது. கப்பலின் இரண்டு பக்கமும் மூன்று ஆள் உயரத்துக்குக் கொடியை வரைந்து, பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே கழுகையும் வரைந்து, பொழுது சாய்ந்ததும் அதன்மேல் விளக்கைத் திருப்பிவிடுவார்கள். மற்ற நாட்டுக் கப்பல்கள் இருட்டுக்குள் பதுங்கிப் போகையில், எங்கள் கப்பல்கள் திருவிழாத் தேர்போல வெளிச்சத்தோடு போயின. அந்த விளக்குகளை ஏற்றுவது எவாரிஸ்தோவின் வேலை.

கொதிகலனில் வேலைபார்த்த ஃபிதென்சியோ மல்பிகா அவருக்கு நெருங்கிய தோழர். ஃபிதென்சியோவின் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது குழந்தையைக் கையில் ஏந்திய ஞானத்தந்தை எவாரிஸ்தோதான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று அழைத்தார்கள். ஃபிதென்சியோவின் மனைவி எர்லிந்தா எவாரிஸ்தோவுக்குக் கொமாத்ரே ஆனாள். இரண்டு வீடும் எதிரெதிர் வீடு. ஒரு வீட்டில் போகோல் என்னும் சோள அடை சுட்டால் மறுவீட்டுக்கு ஒரு தட்டு போகும்.

"என்ன கொம்பாத்ரே, உங்க கழுகுக்கு ராத்திரியில தூக்கமே கிடையாதா?" என்று கேலி செய்வார் ஃபிதென்சியோ, கரிப்புகை படிந்த முகத்தோடு மேலே ஏறி வரும்போது.

"அது தூங்கினா நாம தூங்க முடியாது. போய் முகத்தைக் கழுவுங்க, அது உங்களைப் பார்த்துப் பயந்துக்கப்போகுது."

ஃப்ளோரிடாவைத் தாண்டும் வழியில் அந்தக் கப்பலை ஒரு நீர்மூழ்கி சுட்டது. எவாரிஸ்தோ அந்தி சாய்ந்ததும் விளக்குகளை ஏற்றியிருந்தார். இடப்பக்க விளக்கின் இணைப்பு சற்றுத் தளர்ந்திருந்தது. அதற்குச் செம்புக் கம்பியால் ஒரு கட்டுப்போட்டார், நின்று பார்த்தார், எரிந்தது. பிறகு தன் முறை முடிந்து கீழே போய்ப் படுத்தார். அடுத்து அவருக்கு நினைவிருப்பது, படுக்கையிலிருந்து தரைக்கு அல்ல, சுவருக்கு விழுந்தது. கப்பல் அவ்வளவு சாய்ந்திருந்தது. மேலே வந்தபோது எங்கும் வெளிச்சம். அது எண்ணெய் எரிந்த வெளிச்சம். கொடி விளக்கு எரிந்ததா, அணைந்திருந்ததா என்று அந்த நெருப்பில் யாரால் சொல்லமுடியும்? அவர் குதித்தார். கரையோரக் காவல் படகு ஒன்று அவரை மேலே இழுத்தது. ஃபிதென்சியோவை எந்தப் படகும் இழுக்கவில்லை.

பிழைத்தவர்கள் ரயிலில் தம்பிகோவுக்கு வந்து சேர்ந்தபோது நிலையத்தில் பூவும் பாண்டு வாத்தியமும் காத்திருந்தன. மறுநாள் விசாரணை. அதற்கென்று தலைநகரிலிருந்து வந்த அதிகாரி வெள்ளைச் சட்டை, மெல்லிய மீசை.

"கொடி விளக்கு உங்க பொறுப்பா?"

"ஆமாங்க."

"எரிஞ்சதா?"

"அந்தியில ஏத்தினேனுங்க."

"நான் அதைக் கேக்கல. டார்பிடோ அடிச்ச நேரத்துல எரிஞ்சுக்கிட்டு இருந்ததா?"

எவாரிஸ்தோ யோசித்தார். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி.

"நான் கீழ தூங்கிக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துல எரிஞ்சதான்னு எனக்குத் தெரியாதுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். அறிக்கையில் என்ன எழுதினார் என்பதை எவாரிஸ்தோவுக்கு யாரும் காட்டவில்லை. அவர் பிரதி கேட்டு விண்ணப்பம் போட்டார், அதற்குப் பதில் இல்லை. ஆனால் "உறுதி செய்ய இயலவில்லை" என்ற சொற்றொடர் அலுவலகத்திலிருந்து சங்கக் கூடத்துக்கும், அங்கிருந்து சாராயக் கடைக்கும் போய்ச் சேரும்போது "அணைஞ்சிருந்தது" என்று ஆகிவிட்டது. கடைசியில் "தூங்கிட்டான்" என்ற ஒற்றைச் சொல்லில் வந்து நின்றது.

ஊர் அவ்வளவு எளிதாக நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு, அது கெட்ட எண்ணம் அல்ல. டொமினோ மேசையில் உட்கார்ந்திருந்த கிழட்டு மாலுமி ஒருவர் அதைத் தெளிவாகவே சொன்னார்:

"விளக்கு எரிஞ்சா கழுகு தெரியும். கழுகு தெரிஞ்சா நாம யாருன்னு தெரியும். நாமதான் யாருக்கும் எந்தத் தீங்கும் பண்ணலையே, தெரிஞ்சும் எவனாவது சுடுவானா? சுட்டிருக்கான்னா விளக்கு எரியல. இதுக்கு எதுக்குய்யா விசாரணை?"

வெளிச்சம் போட்ட கொடியை எவனும் தொடமாட்டான் என்பதில் துறைமுகம் முழுக்க அப்படியொரு நம்பிக்கை வைத்திருந்தது. அந்த நம்பிக்கை உடையாமல் இருக்கவேண்டுமென்றால் ஒருவர் குற்றவாளியாக வேண்டும். அந்த ஒருவராக எவாரிஸ்தோ இருந்தார்.

எர்லிந்தா துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாள். எவாரிஸ்தோ வாசலில் வந்து தொப்பியைக் கையில் எடுத்தபோது, அவள் கதவு நிலையை விட்டு நகரவில்லை.

"கொமாத்ரே..."

"உள்ள இடமில்லை, சென்யோர் ஸலேதா."

மாலுமிகள் சங்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு தகரத் தகடு உண்டு. வேலைக்குத் தயாராக இருப்பவனின் தகடு பெரிய பலகையில் தொங்கும். கப்பல் வந்தால் வரிசைப்படி எடுத்துப் பெயரைக் கூப்பிடுவார்கள். எவாரிஸ்தோ போனபோது அவருடைய ஆணி வெறுமையாக இருந்தது. சங்கச் செயலாளர் தோன் மக்காரியோ கண்ணாடியைத் துடைத்தபடியே பேசினார்.

"நான் எடுக்கல, எவாரிஸ்தோ. பசங்க எடுத்தாங்க. உங்ககூடக் கப்பல் ஏறமாட்டோம்னு சொல்றாங்க. கொஞ்ச நாள் பொறுங்க."

"யார் எடுத்தாங்கன்னு எழுதிக் குடுங்க, பொறுக்கறேன்."

"எல்லாத்தையும் எழுதியே கேக்கறீங்க. மனுஷங்க அப்படி இல்லைங்க."

வீட்டில் ஒதிலியா ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள். "எரிஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கு வாத்தியத்தோட வீட்டுக்கு வந்திருப்பீங்க."

"தெரியாததை எப்படி ஒதிலியா சொல்றது?"

"எரிஞ்சிருக்கும்னு நீங்க நம்பறீங்கதானே?"

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தான் போட்ட அந்தச் செம்புக் கம்பிக் கட்டு அவிழ்ந்திருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. ஊர் தன்னை மன்னித்தாலும் அந்தச் சந்தேகம் மன்னிக்காது. ஃபிதென்சியோவைக் கொன்றது ஜெர்மனியா, தன் கையா என்று தெரியாமல் மிச்ச வாழ்க்கையை ஓட்டவேண்டும். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த நேரத்தில் விளக்கு எரிந்ததா, இல்லையா.

அதற்குள் இன்னொரு கப்பலும் மூழ்கியது. அந்த மாதக் கடைசியில் நாடு போர் நிலையை அறிவித்தது. ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் எதிராக நாங்களும் நேச நாடுகளோடு நின்றோம் என்று வானொலி சொன்னது. ஆனால் வானொலி சொல்வது வேறு, துறைமுகம் நினைப்பது வேறு. "கிரிங்கோவோட, அந்த அமெரிக்காக்காரனோட சண்டை இது. நம்மளை இழுத்துவிட அவனே சுட்டிருப்பான்" என்று சிலர். "விளக்கு ஒழுங்கா எரிஞ்சிருந்தா எந்தச் சண்டையும் வந்திருக்காது" என்று பலர். எண்ணெய் தொட்டிகளில் நிறைந்து கிடந்தது. ஏற்றிப்போக ஆள் சேரவில்லை. பலகையிலிருந்து பலர் தங்கள் தகடுகளைத் தாங்களே கழற்றிக்கொண்டார்கள். தகட்டை மாட்டச் சொல்லிக் கெஞ்சிய ஒரே மனிதரை மாட்ட விடவில்லை.

எவாரிஸ்தோ, பிழைத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனார். விளக்கைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இரக்கப்பட்டு ஒருவன் ஆமாம் என்பான், கோபப்பட்டு இன்னொருவன் இல்லை என்பான். இரண்டாலும் பயனில்லை. "வெடிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க, என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார். தூங்கினேன் என்றார்கள், இயந்திர அறையில் இருந்தேன் என்றார்கள். மேல்தளத்தில் காவல் நின்றவன் கடலோடு போய்விட்டான். மிச்சமிருந்தது ஒருவர்தான், சமையல்காரர் கிறிஸ்பின். இரண்டு கையும் வெந்துபோய் மயாமி மருத்துவமனையில் கிடந்தார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு கிறிஸ்பின் ஊர் திரும்பினார். எவாரிஸ்தோ ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு படகேறி ஆற்றின் அக்கரைக்குப் போனார். வீட்டுக்குள் நுழைந்தவர் நின்றுவிட்டார். கறுப்பு உடையில் எர்லிந்தா அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து போக நினைத்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் கேட்க வந்ததை இன்னும் கேட்டிருக்கவில்லை. அதனால் உட்கார்ந்தே இருந்தாள்.

"வாங்க வாங்க, எவாரிஸ்தோ" என்றார் கிறிஸ்பின், கட்டுப்போட்ட கைகளை ஒரு தலையணைமேல் வைத்தபடி. "ஆரஞ்சா? யாராவது உரிச்சு ஊட்டினாத்தான் உண்டு. இப்ப நான் மாதாக்கோவில் குழந்தை ஏசு மாதிரி, தூக்கி வெச்ச இடத்துல இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. எர்லிந்தா தன் மடியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிட்டாரா?"

"யாரு, ஃபிதென்சியோவா? நல்லாச் சாப்பிட்டாரு, தாயி. மனசார."

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. இரவுச் சாப்பாட்டு நேரத்துல அவருக்குக் கொதிகலன் முறை. பட்டினியாப் போயிட்டாரேன்னுதான் எனக்கு."

கிறிஸ்பின் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதை வெளிய சொல்லாதீங்க. அந்த நேரத்துல அடுப்பு மூட்டக்கூடாதுன்னு கேப்டன் உத்தரவு. ஆனா ஃபிதென்சியோ முறை முடிஞ்சு மேல வந்து, தொப்பி நிறைய மீனைக் கொண்டாந்து என் முகத்துக்கு நேரா ஆட்டினாரு. பறக்கும் மீன். வெளிச்சம் இருந்தா அதுக எகிறிக் குதிச்சுத் தளத்துல வந்து விழுமே. நீங்க மாலுமி வீட்டுப் பொண்ணு, தெரியாததா? 'எழுந்திரு திருட்டுப்பயலே, கழுகு நமக்கு மீன் பிடிச்சுக் குடுத்திருக்கு'ன்னாரு. வறுத்துக் குடுத்தேன். டோர்த்தியா ரொட்டியில சுருட்டி, பச்சை மிளகாயைக் கடிச்சுக்கிட்டு, ரெண்டு தின்னாரு. இன்னும் விழுது பாருன்னு காவல் நின்னவன் சத்தம் போட, மறுபடி பொறுக்கப் போனாரு. நான் அடுத்த ஈடு சட்டியில போட்டேன். அப்பத்தான் அடிச்சது."

அவர் தன் கைகளைக் காட்டினார். "டாக்டர்மார் எல்லாம் என்னைப் போர்வீரன்னு நினைச்சாங்க. நர்சு ஒருத்தி எனக்குப் படம் வரைஞ்சு கொடுத்தா. எப்படிச் சொல்றது அவகிட்ட? இது ஹிட்லர் சுட்ட புண்ணு இல்லம்மா, சட்டியில இருந்த எண்ணெய் கொட்டினதுன்னு."

எவாரிஸ்தோ ஆரஞ்சுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்கவேண்டிய அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியும். அதைத் தான் கேட்கக்கூடாது என்பதும் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தது அவர் வாழ்க்கையிலேயே கடினமான வேலை.

எர்லிந்தாதான் கேட்டாள். "மீன் எந்தப் பக்கம் விழுந்தது?"

"இடப்பக்கம்தான். அடுப்படிக் கதவுக்கு நேரா. ஏன்?"

"அடிச்சது எந்தப் பக்கம்?"

"அதே பக்கம்."

அவள் எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த குவாதலூப்பே மாதாவின் படத்தைப் பார்த்தாள். பிறகு எவாரிஸ்தோவின் பக்கம் திரும்பினாள்.

"அப்படின்னா பார்த்துட்டுத்தான் சுட்டிருக்கான்."

எவாரிஸ்தோ தலையசைத்தார். அழுதார். கிறிஸ்பின் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "மீன் தின்னதுக்கா இத்தனை?" என்றார். கிறிஸ்பினிடம் விஷயத்தைச் சொன்னார்கள். தான் மறைத்துவைத்திருந்த ஒரு சட்டி மீனுக்குள் ஒரு மனிதரின் மானம் கிடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த சனிக்கிழமை சங்கக் கூட்டம். கடலில் கணவனை இழந்தவள் கூட்டத்துக்கு வந்தால் நிகழ்ச்சி நிரலை ஒதுக்கிவைத்து அவளை முதலில் பேசவிடுவது அங்கே வழக்கம். எர்லிந்தா முன்னே போய் நின்றாள். கிறிஸ்பினும் கூட நின்று, அடுப்பு மூட்டியதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்:

"வேற வெளிச்சத்துக்கு வந்திருக்கும் மீனு. சமையக்கட்டு வெளிச்சமா இருக்கலாம்ல?"

"அடுப்பை மூட்டறதுக்கு முன்னாடியே தொப்பி நிறைஞ்சிருந்தது" என்றார் கிறிஸ்பின். "அதுவும் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் வறுத்தேன், கேப்டனுக்குப் பயந்து. உனக்கு மீனைப் பத்தித் தெரியலைன்னா தாய்க்காரிகிட்டக் கேளு."

சிரிப்பு எழுந்து அடங்கியது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் மீன் எதற்கு விழும் என்பதை அறிந்தவர்கள். விளக்கு எரிந்திருக்கிறது. கழுகு தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சுட்டிருக்கிறான். இதுவரை யாருடைய சண்டை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்கான பதில் அந்தக் கூடத்தில்தான் கிடைத்தது.

"இத்தனை நாளா நாம எவாரிஸ்தோவைத் திட்டினோம்" என்றாள் எர்லிந்தா. "நானும்தான். அவரைத் திட்டறது சுலபமா இருந்தது. எதிர்வீட்டுல இருந்தாரு. அந்த நீர்மூழ்கிக்காரன் வீடு எனக்குத் தெரியாதே. இப்ப எண்ணெய் கரையில கிடக்கு. அது போய்ச் சேர்ற இடத்துலதான் அவனை நிறுத்துவாங்கன்னா, யாராவது கொண்டுபோய்ச் சேருங்க."

தோன் மக்காரியோ கை உயர்த்தச் சொன்னார். உயராத கையைத் தேடவேண்டியிருந்தது. எவாரிஸ்தோவின் தகடு மறுபடி ஆணியில் ஏறியது. அன்று மாலைக்குள் பலகையில் வெறும் ஆணிகள் குறைந்துபோயின. டொமினோ மேசைக் கிழவர் தன் பேரனின் தகட்டைத் தானே கொண்டுவந்து மாட்டினார். போகும்போது எவாரிஸ்தோவின் முன்னால் நின்று, "நான் தப்பா சொல்லிட்டேன்" என்றார்.

விசாரணை அறிக்கையைத் திருத்தக் கோரி எவாரிஸ்தோ எழுதினார், சமையல்காரரின் வாக்குமூலத்தை இணைத்தார். நினைவூட்டல்களும் அனுப்பினார். பதில் வரவில்லை. அந்தக் காகிதத்தில் இன்றுவரை "உறுதி செய்ய இயலவில்லை" என்றே இருக்கக்கூடும். அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதை மறைத்துச் சொல்வது சரியாகாது.

ஆனால் அவர் கடலுக்குப் போனார். ஆகஸ்டில் ஏறிய கப்பலின் பக்கங்களில் கொடி இல்லை, சாம்பல் வண்ணம் பூசியிருந்தார்கள். இப்போது இருட்டாகப் போகவேண்டும், துணைக்குக் காவல் கப்பல் ஒன்று வரும். முன்பு வெளிச்சம் போட்ட மனிதரிடம் இருட்டுப் போடச் சொன்னார்கள். அவர் சன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புப் பூசினார். கதவைத் திறந்தால் விளக்கு தானே அணையும்படி ஒவ்வொரு கதவிலும் ஒரு சுவிட்ச் வைத்தார். அப்படிச் செய்யும்படி எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை, சினிமாக் கொட்டகைப் பழக்கம் சொன்னது. புகைபிடிக்க மேலே வந்தவர்களைத் தொப்பியால் அடித்துக் கீழே விரட்டினார்.

புறப்படும் நாளில் எர்லிந்தா மகளை அழைத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். ஒரு பொட்டலம் போகோலை நீட்டினாள்.

"அடுப்பு மூட்ட விடமாட்டாங்கன்னு தெரியும். ஆறினாலும் நல்லா இருக்கும். பார்த்துப் போயிட்டு வாங்க, கொம்பாத்ரே."

"வந்துடுவேன், கொமாத்ரே."

பானுகோ ஆற்றின் முகத்துவாரத்தைக் கப்பல் தாண்டியபோது அந்தி. கரையும் விளக்கில்லாமல் இருந்தது. ஊர் முழுவதும் திரை போட்டிருந்தார்கள். எவாரிஸ்தோ கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனைவரை நடந்தார், இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை. பிறகு கேப்டனிடம் போய், ஒரு கீற்று வெளிச்சமும் வெளியே தெரியவில்லை என்று சொன்னார். அன்றிரவு அவருடைய முறை முடிந்தும் அவர் படுக்கவில்லை. சில நாளில் எண்ணெய் டெக்சஸ் கரையில் இறங்கி, அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டும் கப்பல்களுக்கு மாறியதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். அதன் பிறகு போர் முடியும்வரை அவர் கரையில் இருந்த மாதங்கள் குறைவு.